இருபதாவது ஆள்

வெர்டெல் மேஹ்யூவுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் பத்தொன்பது வருடம் பர்ச் தெரு முனையில் நின்றே போயிற்று. மஞ்சள் மேல்சட்டை, கழுத்தில் விசில், கையில் ‘நில்’ என்று எழுதிய சிவப்புப் பலகை. காலையில் ஒன்றரை மணி நேரம், பள்ளி விடும்போது ஒன்றரை மணி நேரம். மழை, பனி, உறைகுளிர் எதுவும் அவளை நகர்த்தியதில்லை. அவள் சாலை தாண்டவைத்த பிள்ளைகளில் ஒன்றின்மீதுகூட ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அவள் வாய் அந்த வட்டாரத்துக்கே தெரியும். பலகையை மதிக்காமல் வண்டியின் மூக்கை நீட்டுகிறவனை அவள் விடமாட்டாள். நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டி, “உங்கம்மா வீட்டுல இருக்காங்களா? அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்” என்பாள். நாற்பது வயது ஆள்கூட அதற்குத் தலையைக் குனிந்துகொள்வான். பாதிப் பேரை அவள்தான் சின்ன வயதில் கையைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்த்திருப்பாள். அவளைவிட இளையவர்கள் எல்லோருக்கும் அவள் மிஸ் வெர்டெல். அந்தப் பகுதியில் பெரிய பெண்களை ‘மிஸ்’ இல்லாமல் வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

பர்ச் முனையில் போக்குவரத்து விளக்கு உண்டு. வெர்டெல் குடியிருக்கிற பதினேழாம் தெரு முனையில் கிடையாது. அதுதான் அவள் வயிற்றெரிச்சல். இரண்டு முனையையும் கடந்து போகிற ஹாஸ்கெல் அவென்யூ அந்த இடத்தில் ஐந்து வண்டி வரிசை அகலம். முப்பத்தைந்து மைல் வேகம் என்று பலகை சொல்லும். வண்டிகள் ஐம்பதில் போகும். இந்தப் பக்கம் வயதானவர்கள் குடியிருக்கும் ஆறுமாடிக் கட்டடம். அந்தப் பக்கம் மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், ஒரு டாலர் கடை. இந்த முனையைத் திட்டமிட்ட மகராசன் தன் வாழ்நாளில் ஒருநாளாவது மாத்திரை வாங்கக் கால்நடையாகப் போயிருக்கமாட்டான்.

பதினோரு வருடத்துக்கு முன் அங்கே ஒரு நர்ஸ் பெண்ணை வண்டி அடித்து ஒரு கால் போனது. அதை வெர்டெல் கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு சட்டம் போட்டாள். பதினேழில் யாரும் தாண்டக் கூடாது. நாலு தெரு நடந்து பர்ச்சுக்கு வா, விளக்கில் தாண்டு, மறுபடி நாலு தெரு திரும்பி நட. பிள்ளைகளுக்குச் சொன்னாள், அப்புறம் கிழவர்களுக்கும் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டேதான் என்றாலும் முக்கால்வாசிப் பேர் கேட்டார்கள். அவள் திட்டுக்கு எட்டுத் தெரு நடை எவ்வளவோ தேவலை.

அதிகம் முணுமுணுத்தவர் டீக்கன் ராஸ்கோ டின்ஸ்லி. வயது எழுபத்தாறு; சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுத்து வருகிறவர்; ஆறுமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. இடது இடுப்பு தேய்ந்துபோய், ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். ஒருமுறை அவர் பதினேழில் குறுக்கே நடந்ததற்குப் போலீஸ்காரன் அபராதச் சீட்டு எழுதிக்கொடுத்தான். அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், “இந்த வயசுல வேகமாப் போனதுக்குப் பிடிச்சிட்டானுங்க” என்று காட்டுவார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவர் அந்தச் சீட்டை ஒருநாளும் கழற்றவில்லை.

அப்போதுதான் நகராட்சி ஹாஸ்கெல் அவென்யூவைச் சீரமைக்கப் போகிறது என்று எல்லார் வீட்டுக்கும் அட்டை வந்தது. மூன்று மைல் நீளம் முழுக்கப் பாதுகாப்பு, அழகு, நடைபாதை. நூலகத்தின் கூட்ட அறையில் மக்கள் கருத்துக் கேட்பு. சிற்றுண்டி உண்டு என்று கீழே போட்டிருந்தது.

வெர்டெல் வேலை முடிந்த கையோடு, மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனாள். சுவர் முழுக்கப் படங்கள். மரம், பெஞ்சு, சைக்கிள் பாதை, பூத்தொட்டி, சுவரோவியம். வாசலில் ஒரு பெண் ஆளுக்கு ஐந்து பச்சை வட்ட ஒட்டுச்சீட்டு கொடுத்தாள். எது வேண்டுமோ அந்தப் படத்தின்மேல் ஒட்ட வேண்டும். பத்து வருடமாக எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதே ஒட்டுச்சீட்டு விளையாட்டுதான் என்பது வெர்டெலுக்குத் தெரியும். ஐந்தையும் கொண்டுபோய் வரைபடத்தில் பதினேழாம் தெரு முனையில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினாள். மேற்கே, காப்பிக்கடைகள் இருக்கிற புதுப்பணக்காரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் மரத்துக்கும் பூத்தொட்டிக்கும் ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டுச்சீட்டு கொடுத்த பெண்ணின் பெயர் பெய்ஜ் ஹால்வர்சன். நகராட்சியில் சாலைத் திட்டம் போடுகிறவள். முப்பது வயது இருக்கும். சைக்கிளில் வந்திருந்தாள், ஒரு கால்சட்டைமுனை இன்னும் காலுறைக்குள் சொருகியே இருந்தது. நல்ல பெண்தான். அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். “உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம், வெர்டெல்” என்றாள். பக்கத்தில் நின்ற டீக்கன் டின்ஸ்லி, ‘மிஸ்’ எங்கே விழுந்துவிட்டதோ என்று தேடுகிறவர்போலத் தரையைப் பார்த்தார்.

வெர்டெல் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விளக்கு வேண்டும் என்றாள். பொத்தானை அழுத்தினால் வண்டிகளை நிறுத்துகிற விளக்கு, ஒன்றே ஒன்று. பெய்ஜ் அதற்கு விதி இருக்கிறது என்று விளக்கினாள். நெரிசலான ஒரு மணி நேரத்தில் இருபது பேராவது அந்த இடத்தில் தாண்ட வேண்டும். இல்லையென்றால் கடைசி மூன்று வருடத்துக்குள் அங்கே ஒரு பெரிய விபத்து நடந்திருக்க வேண்டும். நர்ஸ் பெண்ணின் கால் பதினோரு வருடப் பழசு; அது செல்லாது. இதையெல்லாம் அவள் மெதுவாக, வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் விதியின் முதல் பாதி வெர்டெலின் மண்டையில் சரியாக ஏறவில்லை. கால் செல்லாது என்றதிலேயே அவள் காது அடைத்துப்போயிருந்தது.

அக்டோபரில் பதினேழாம் தெரு மின்கம்பத்தில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி முளைத்தது. முகத்தில் ஒற்றைக் கேமராக் கண். முதலில் பார்த்தவர் டின்ஸ்லி.

“அது எதுக்கு வெர்டெல், அந்தப் பெட்டி?”

“நம்மளப் பாக்கறதுக்குத்தான். ஒழுங்கா நடக்கறமா, கண்ட எடத்துல குறுக்க ஓடறமான்னு பாப்பாங்க.”

“இன்னொரு சீட்டு குடுப்பானுங்கறியா? குளிர்பெட்டிக் கதவுல எடம் இருக்கு.”

“வெளையாடாதீங்க டீக்கன். ‘இந்த சனங்களுக்கு ரோட்டுல நடக்கவே தெரியல, இவங்களுக்கு எதுக்கு வெளக்கு’ன்னு எழுதிருவாங்க. ஒரு வாரம் நாம யாருன்னு காட்டுவோம்.”

வேறு ஊர்க்காரர்கள் அந்தப் பெட்டியை அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் ஹாஸ்கெல் அவென்யூவில் கம்பத்தில் கேமரா ஏறினால் அது யாரையோ பிடிக்கத்தான் என்பது எல்லோருக்கும் பழக்கமான பாடம். மேற்குப் பகுதியில் எவனும் குறுக்கே நடந்ததற்குச் சீட்டு வாங்கியதில்லை. இங்கே சீட்டு இல்லாத வீடு குறைவு. அதனால் வெர்டெல் அன்று சாயங்காலமே ஆறு மாடியும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று அறிவித்தாள். ஒரு வாரம். பதினேழில் ஒரு கால்கூடப் படக் கூடாது. எப்போதும் அவளை ஏமாற்றிவிட்டுக் குறுக்கே ஓடுகிற கால்வாசிப் பேரும் அந்த வாரம் அவள் மானத்துக்காக எட்டுத் தெரு நடந்தார்கள். டின்ஸ்லி இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போய்வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

பிப்ரவரியில் இரண்டாவது கூட்டம். அதே நூலகம், அதே பிஸ்கட். அக்டோபரில் கம்பத்துப் பெட்டி எண்ணிய கணக்கைத் திரையில் பெரிய அட்டவணையாகப் போட்டார்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி. பதினேழாம் தெரு: அதிகபட்சமாக மணிக்கு மூன்று பேர். விபத்து: பூஜ்யம். பரிந்துரை: விளக்கு தேவையில்லை, பூத்தொட்டிகள் வைக்கலாம்.

வெர்டெலுக்கு ஒரு நிமிடம் பிடித்தது புரிய. பிறகு எழுந்தாள்.

“அந்த வாரம் யாரும் போகக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்.”

“ஏன் வெர்டெல்?” என்றாள் பெய்ஜ். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“நீங்க பாக்கறீங்கன்னு.”

பின்வரிசையில் காப்பிக்கடைப் பகுதி ஆள் ஒருவன் சிரித்துவிட்டான். டின்ஸ்லி திரும்பிப் பார்த்ததும் அவன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். வெர்டெல் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். தாண்டணும், ஆனா பயந்துகிட்டுத் தாண்டாம இருக்காங்கல்ல, அவங்கள உங்க பெட்டி எந்தக் கட்டத்துல போடும்?”

பெய்ஜ் அட்டவணையைப் பார்த்தாள், தன் தாள்களைப் பார்த்தாள். “அதுக்குக் கட்டம் இல்ல” என்றாள் கடைசியில். அவள் முகம் சிவந்துபோனது. கூட்டத்தை நடத்தியவர் அடுத்த முனைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து வெர்டெல் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். அவமானத்தினால் இல்லை. பதினோரு வருடமாக ஒவ்வொருவரையும் காப்பாற்றிக் காப்பாற்றி, காப்பாற்ற அங்கே ஆளே இல்லை என்று தானே நிரூபித்துக் கொடுத்துவிட்டோமே என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. விதி எழுதியவன் எங்கேயோ இருக்கிறான்; அவன் வண்டிக் கண்ணாடியைப் போய்த் தட்ட முடியாது.

மார்ச்சில் பெய்ஜ் ஃபோன் செய்தாள். தன் மேலதிகாரியிடம் சண்டை போட்டு இன்னொரு எண்ணிக்கைக்கு அனுமதி வாங்கியிருக்கிறாள். மே மாதம், ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று. தேதியை வெளியே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்.

“நீங்க பலகையோட வந்து வண்டிய நிறுத்தினா அது செல்லாது வெர்டெல். அவங்களாவே தாண்டணும்.”

“நான் சும்மா நிக்கலாமா?”

“சும்மா நிக்கறத யாரும் தடுக்க முடியாது.”

வெர்டெல் மறுபடி ஆறு மாடி ஏறினாள். இந்தமுறை தட்டிய கதவுகளில் எல்லாம் அவள் சொன்னது நேர் எதிர்: வாங்க, பதினேழிலேயே தாண்டுங்க. ஒரு மூன்றாம் மாடிக்காரி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நீ நல்லாத்தானே இருக்கிறாய் என்று கேட்டாள். டின்ஸ்லி மட்டும் எதுவும் கேட்கவில்லை. “கடைசியில என் இடுப்புக்கு ஒரு நல்ல காலம்” என்றார். இருபத்துநாலு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

அந்த வியாழக்கிழமை நல்ல வெயில். சர்ச்சில் எதிர்பாராமல் ஒரு சாவு விழுந்து, அடக்கத்துக்குப் பிறகு சாப்பாடு போட ஏழு பெண்கள் போய்விட்டார்கள்.  வெர்டெல் மஞ்சள் சட்டை இல்லாமல், பலகை இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரத்தில் நின்றாள். இவ்வளவு வருடத்தில் சாலையோரம் அவள் வெறுங்கையோடு நின்றதில்லை. இரண்டிரண்டு பேராக வந்தார்கள். வண்டி வராத இடைவெளி பார்த்து, “இப்ப, இப்ப போங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொருவராக அக்கரை சேரும்வரை மூச்சே விடவில்லை. அங்கே போனவர்களில் சிலர் மருந்துக்கடைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். போனதும் வந்ததும் தனித்தனியாக எண்ணப்படும். சிலர் பேருந்தைக் கண்டதும் ஏறிப் போயே விட்டார்கள். பன்னிரண்டு ஐம்பத்துமூன்றுக்குப் பத்தொன்பது.

இந்தப் பக்கம் யாரும் மிச்சமில்லை. தானே தாண்டலாமா என்று நினைத்தாள். ஆனால் பெட்டிக்கு அவளைத் தெரியும், அவள் நடந்தால் எல்லாம் நாடகம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். அது வீண் பயம். பெட்டிக்கு யாரையும் தெரியாது. இதை பெய்ஜ் பிற்பாடுதான் சொன்னாள்.

அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தப் பெஞ்சில் டின்ஸ்லி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை தாண்டியிருந்தார். மடியில் மருந்துப் பை. திரும்பும்போது பர்ச் வழியாகவே வந்துவிடுங்கள், இரண்டாவது தடவை வேண்டாம் என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவைத்திருந்தாள். வெர்டெல் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டாள்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், டீக்கன். வாங்க.”

அவர் எழுந்து, தொப்பியைத் தலையிலிருந்து தூக்கி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கினார். ஓர வரிசையில் வந்த பெரிய சரக்கு வண்டிக்காரன் நல்லவன். கிழவரைப் பார்த்து நிறுத்தினான். கையைக் காட்டி, போங்க என்றான். அவன் வண்டி மறைத்ததால் அடுத்த வரிசையில் வந்த காருக்கு டின்ஸ்லி தெரியவில்லை, டின்ஸ்லிக்குக் கார் தெரியவில்லை. வெர்டெலுக்கு இரண்டும் தெரிந்தது. பலகை இல்லாத வலது கையை உயர்த்திக்கொண்டு அவள் சாலைக்குள் ஓடினாள். அவள் முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

உயிர் தப்பியது. இடுப்பு நொறுங்கியது, தொடை இரண்டு இடத்தில். எட்டு வாரம் மருத்துவமனை. பிறகு டேட்டன் நகரத்திலிருந்து அவர் மகள் வந்து, மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்து, நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தாள். குளிர்பெட்டிக் கதவிலிருந்த சீட்டைக் குப்பையில் போட இருந்தவளிடமிருந்து வெர்டெல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். மகள் வெர்டெலைக் குறை சொல்லவில்லை. விவரம் அவளுக்குத் தெரியாது. எங்கப்பா எதுக்கு அங்க தாண்டினார், எப்பவும் சுத்தித்தானே போவார் என்று மட்டும் கேட்டாள். வெர்டெலின் வாய் முதல்முறையாக ஒன்றும் சொல்லத் தெரியாமல் மூடிக்கொண்டது.

ஆகஸ்டில் பெய்ஜ் கூப்பிட்டாள். விளக்குக்கு அனுமதி கிடைத்துவிட்டது, பனி விழுவதற்குள் போட்டுவிடுவார்கள்.

“இருபது வந்துச்சா?” என்றாள் வெர்டெல்.

பெய்ஜ் மெதுவாகச் சொன்னாள்: “பத்தொம்பது. பாதி ரோட்டுக்கு மேல வந்தாத்தான் பெட்டி எண்ணும். அவர் ரெண்டாவது வரிசையிலயே… ஆனா இப்ப அந்த நம்பர் தேவையில்ல, மிஸ் வெர்டெல். விபத்துக் கட்டத்துல ஒண்ணு இருக்கு.”

தொலைந்த ‘மிஸ்’ பெய்ஜுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று வெர்டெல் நினைத்தாள். அந்தப் பெண் ஃபோனிலேயே அழ ஆரம்பித்தாள். அவளை யாராவது தேற்ற வேண்டும் என்று தெரிந்தது. வெர்டெல் அதற்குத் தயாராக இல்லை; ஃபோனை வைத்துவிட்டாள்.

நவம்பரில் விளக்கு வந்தது. பூத்தொட்டிகளும் கூடவே வந்தன, அந்தக் குளிரில் பூவில்லாமல். திறப்பு விழாவில் முதல் பொத்தானை மிஸ் வெர்டெல்தான் அழுத்த வேண்டும், மஞ்சள் சட்டையோடு வந்தால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று நகராட்சியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தனக்குப் பள்ளி வேலை இருக்கிறது என்று பதில் சொன்னாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. சாயங்காலம், எல்லோரும் போனபிறகு, தனியாகப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். ஐந்து வரிசையும் நின்றது. தாண்டினாள், திரும்பி வந்தாள், மறுபடி அழுத்தினாள். இந்தமுறை இடது காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள். நின்றிருந்த வண்டிக்காரர்களுக்கு அவள் யாரோ ஒரு நொண்டிக் கிழவி.

அடுத்த சனிக்கிழமை டின்ஸ்லியைப் பார்க்கப் போனாள். இரண்டு பேருந்து மாற வேண்டும். இறங்குகிற இடத்திலிருந்து அரை மைல். அந்தச் சாலையில் நடைபாதையே கிடையாது. சாக்கடை ஓரப் புல்லில் நடந்தாள், வண்டிகள் தோளை உரசிக்கொண்டு போயின. வயசானவர்களைக் கொண்டுவந்து வைக்க எவ்வளவு பொருத்தமான இடம் பார்த்திருக்கிறார்கள் என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க யாருமில்லை.

டின்ஸ்லி சக்கர நாற்காலியில், ஜன்னலோரம் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். அபராதச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வெளக்கு எரியுதா?”

“எரியுது.”

“தாண்ட எத்தன நொடி குடுக்கறான்?”

“இருபத்தெட்டு.”

அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். “எனக்கு அது போதுமா?”

“போதும் டீக்கன். உங்கள மாதிரியே நடந்து பாத்துட்டேன். ரெண்டு நொடி மிச்சம் இருந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே அவள் நடந்து வந்த சாலை தெரிந்தது. 

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் எண்ணிக்கையில வந்தேனா?”

“வந்தீங்க” என்றாள் வெர்டெல்.

“அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். எந்தக் கட்டத்தில் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.